யூஎஸ்பி வைஃபை டோங்கலைப் பிடுங்கினால் கர்னல் பேனிக்: ராமா, டிரைவரா, என் தலையெழுத்தா?

ரெலாவ்_பையன் (பினாங்கு)

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மூன்று வாரம் தனியாக மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் இங்கே வருகிறேன். பழைய லேப்டாப், உபுண்டு 24.04 லினக்ஸ், கர்னல் (அதன் மைய நிரல்) 6.8. உள்ளே இருக்கும் வைஃபை கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். நான் இருப்பது ரெலாவில் ஓர் அடுக்குமாடி, ஸ்கேன் போட்டால் நாற்பது ரவுட்டர் வருகிறது, அத்தனையும் 1, 6, 11 என்று மூன்றே சேனலில் குந்தியிருக்கின்றன. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடியோ கால் போட்டால் அம்மாவின் வாய் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம். அதனால் 5 கிகாவுக்கென்று 39 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு யூஎஸ்பி டோங்கல் வாங்கினேன்.

கர்னலோடு வரும் டிரைவர் எதுவும் இதை அடையாளம் காணவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் வலையில் போட்டிருக்கும் மூல நிரலை எடுத்து டிகேஎம்எஸ் (வெளி டிரைவரைக் கர்னலுக்கு ஏற்பக் கட்டித் தரும் கருவி) வழியாகக் கம்பைல் செய்து போட்டேன். வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன், அம்மாவின் வாயும் குரலும் ஒன்று சேர்ந்துவிட்டன.

பிரச்சினை இதுதான். வேலை முடிந்து கீழே மாமாக் கடைக்குப் போகும்போது டோங்கலைப் பிடுங்கிப் பையில் போடுவேன். பிடுங்கி ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் திரை உறைந்துவிடும், மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று மினுக்கும். இதுதான் கர்னல் பேனிக், மீள முடியாத பிழையில் கர்னல் மொத்தமாக நின்றுவிடுவது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. எப்போதும் இல்லை, ஐந்து தடவைக்கு ஒரு தடவை. மூடியை மூடித் திறந்தாலும் சில சமயம் இதே கதை. கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடித்து எழுத்துத் திரைக்குப் போய்ப் பிடுங்கிப் பார்த்து மூன்று போட்டோ எடுத்தேன். ஒன்றில் கோப்பு முறைமை விழுந்திருக்கிறது, ஒன்றில் பிரவுசர், ஒன்றில் டைமர் என்று ஏதோ இருக்கிறது. மூன்றிலும் வைஃபை டிரைவரின் பெயரே இல்லை! அப்படியானால் கர்னலிலேயே கோளாறா, இல்லை ராம் போய்விட்டதா?


சிவப்புத்தொப்பி (கிள்ளான்)

39 வெள்ளி டோங்கலுக்கு மூன்று வாரமா, தம்பி? உன் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி போடுகிறாய்? தூக்கி எறி. கோலாலம்பூர் வரும்போது லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் இரண்டு மாடி ஏறி இறங்கு, கர்னலிலேயே டிரைவர் இருக்கும் சிப்பாகப் பார்த்து வாங்கு. ஒன்று மட்டும் கவனம், பெட்டியின் மேல் இருக்கும் மாடல் பெயரை நம்பாதே. அதே பெயர், அதே பெட்டி, உள்ளே பதிப்பு மாறும்போது சிப்பையும் மாற்றிவிடுவார்கள். கடையிலேயே செருகி, யூஎஸ்பி அடையாள எண் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். கடைக்காரன் முறைப்பான், முறைக்கட்டும்.


செந்தூல்_கேபிள் (கோலாலம்பூர்)

தொப்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் தம்பி கேட்டது வேறு.

முதலில் ராம். ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட விடு, சந்தேகம் தீரட்டும். எனக்கென்னவோ ராம் மாதிரி தெரியவில்லை. ராம் கெட்டால் டோங்கலைப் பிடுங்கும்வரை காத்திருந்து பழிவாங்காது. அதே சமயம் மூன்று போட்டோவில் மூன்று இடம் என்றால், யாரோ ஒருவன் தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் கை வைக்கிறான். அடி வாங்குபவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவன். விழுந்து கிடக்கும் பிரவுசரைப் பார்த்துவிட்டு பிரவுசரைக் குற்றம் சொல்லக் கூடாது.

அப்புறம், போட்டோ போதாது. திரையில் நிற்பது கடைசியாக ஓடிய வரிகள். உனக்கு வேண்டியது மேலே ஓடிப்போன முதல் ஊப்ஸ், அதாவது கர்னலின் பிழை அறிக்கை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் முதல் அடியில் கலங்கிப்போன கர்னலின் புலம்பல், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஜர்னலில் (வட்டில் சேரும் லாக்) தேடாதே, பேனிக் ஆன கர்னல் வட்டில் எழுதுவதற்கு முன்பே நின்றுவிடும், கடைசி வரிகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. பிஸ்டோர் என்று ஒன்று இருக்கிறது, லாக்கின் வாலை மதர்போர்டின் ஃபர்ம்வேர் நினைவிலேயே எழுதி வைக்கும், ஆனால் சில லினக்ஸ்களில் அதை அணைத்தே அனுப்புகிறார்கள்.

உன் லேப்டாப்பில் லேன் போர்ட் இருக்கிறதா? இருந்தால் நெட்கன்சோல் போடு. கர்னல் தன் லாக் வரிகளை யூடிபி பொட்டலமாக வயர் வழியாக அப்படியே வெளியே எறியும், வழக்கமாக 6666 போர்ட்டுக்கு. இன்னொரு கணினியை ஒரு கேபிளில் நேராக மாட்டி, அதில் நெட்கேட்டை (வரும் பொட்டலங்களை வாங்கிக் காட்டும் நிரல்) காது கொடுத்து உட்கார வை. வைஃபை வழியாக இது நடக்காது, அதனால்தான் கேபிள் கேட்கிறேன். (என் பெயரே கேபிள் என்பதால் இல்லை.) லாக் அளவை 8 ஆக்க மறக்காதே, இல்லாவிட்டால் பாதி வரிகள் வராது, நீ என்னைத் திட்டுவாய்.

இன்னொன்று, இதற்குக் கர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. பூட் வரியில் ஸ்லப் டீபக் சேர்த்து, அதன் பின்னால் எஃப், இஸட், பி, யூ என்று நாலு எழுத்து போடு. இதில் பி என்பது பாய்சன், விஷம். விடுவிக்கப்பட்ட மெமரியை எல்லாம் ஒரே பைட்டால் நிரப்பி வைக்கும். கொஞ்சம் மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள். எவனாவது செத்த மெமரியைத் தொட்டால் அந்த விஷம் அவன் கையில் ஒட்டும்.


ரெலாவ்_பையன்

கேபிள் அண்ணே, கும்பிடு. மெம்டெஸ்ட் எட்டு மணி நேரம் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. தங்கையின் பழைய லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கி, கேபிள் போட்டு, நெட்கன்சோல் ஓட வைத்தேன். ஏழாவது தடவை பிடுங்கியதில் விழுந்தது.

இந்தத் தடவை முதல் வரியிலிருந்து எல்லாம் கிடைத்தது. ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட், 'நான்-கெனானிக்கல்' (செல்லாத) முகவரியாக இருக்கலாம் என்று சொல்லி ஒரு எண் கொடுக்கிறது: 6பி6பி6பி6பி6பி6பி6பி73. விழுந்த இடம் கர்னலின் டைமர்களை ஓட்டும் ரன் டைமர்ஸ் ஃபங்ஷன். கடைசி வரி, குறுக்கீட்டின் (இன்டரப்ட்) நடுவே மரணப் பிழை, அதனால் பேனிக். கறை எழுத்துகள் ஓவும் ஈயும். மறுபடி நாலு தடவை விழ வைத்தேன், மூன்றில் இதே எண், இதே இடம்.

முன்பு இடம் மாறி மாறி விழுந்தது, இப்போது ஒரே இடம். முன்னேற்றம்தான், ஆனால் இப்போதும் டிரைவர் பெயர் எங்கேயும் இல்லை, முழுக்கக் கர்னலின் சொந்த டைமர் நிரல். அப்படியென்றால் கர்னல்காரர்களிடம் புகார் கொடுக்கட்டுமா?


நிபோங்_மல்லி (பினாங்கு)

கொடுக்காதே தம்பி, கறை எழுத்து ஓ என்பதைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவார்கள். வெளியாள் டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஈ என்றால் அதற்குக் கையொப்பமும் இல்லை. அவர்கள் பார்க்காத நிரலுக்கு அவர்கள் பொறுப்பில்லை, அது நியாயம்தான்.

நான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபர்ம்வேர் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி எண்களைப் பார்த்தால் எனக்குப் பசியே போய்விடும், சந்தோஷத்தில். உன் எண்ணை ஒரு தடவை நிதானமாகப் பார்ப்போம்.

6பி என்பதுதான் கேபிள் அண்ணன் சொன்ன விஷம். விடுவித்த மெமரியில் கர்னல் ரொப்பும் பைட். ஒதுக்கியும் இன்னும் எதுவும் எழுதாத மெமரி என்றால் 5ஏ என்று வரும். ஆக, செத்த மெமரியிலிருந்து ஒரு முகவரியைப் படித்து, அதை உண்மையான முகவரி என்று நம்பி யாரோ தொட்டிருக்கிறார்கள். 64 பிட் பிராசசரில் முகவரியின் மேல் பிட்டுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். 6பி என்று தொடங்கும் முகவரி அங்கே இருக்கவே முடியாது, அதனால்தான் அந்த 'நான்-கெனானிக்கல்' வசனம்.

சரி, கடைசிப் பைட் மட்டும் ஏன் 73? பதினாறடிமானத்தில் 6பியோடு 8 கூட்டிப் பார், 73. டைமர்கள் ஒரு சங்கிலியில் தொங்கும், ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சுட்டிகள். முதல் 8 பைட்டில் எனக்கு அடுத்தவன் யார், அதற்கடுத்த 8 பைட்டில் என்னைச் சுட்டுபவன் யார். ஒரு கண்ணியைக் கழற்றினால் அடுத்தவனின் இரண்டாவது சுட்டியைத் திருத்தி எழுத வேண்டும். அடுத்தவனின் முகவரி முழுக்க 6பி என்று இருக்கிறது, அதிலிருந்து 8 தள்ளி எழுதப் போனது, விழுந்தது. இதில் கர்னலின் டைமர் நிரல் பாவம், தன் வேலையைத்தான் செய்தது. சங்கிலியில் ஒரு பிணம் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தொட்டுவிட்டது. டைமர்கள் குறுக்கீட்டுச் சூழலில் ஓடுவதால் சாதாரண ஊப்ஸோடு நிற்காமல் நேராகப் பேனிக்.

அந்தப் பிணத்தைத் தொங்கவிட்டது யார் என்பதுதான் கேள்வி. அதற்கு நீயே முதல் பதிவில் பதில் சொல்லியிருக்கிறாய், கவனிக்கவில்லை. பிடுங்கி ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் என்றாய். டிரைவர் நிரலில் 2 நொடிக்கு ஒரு முறை ஓடும் டைமர் இருக்கிறதா தேடு. இருக்கும்.


செந்தூல்_கேபிள்

ஆஹா, 73க்கு இப்படி ஒரு கதை இருக்கிறதா, நான் அந்தக் கடைசிப் பைட்டைப் பார்க்கவே இல்லை. தம்பி, அந்த டைமரைக் கண்டுபிடித்ததும் டோங்கல் கழன்றுபோகும்போது ஓடும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷனில் எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் பார். வெறும் டெல் டைமர் என்று இருந்தால் டெல் டைமர் சிங்க் என்று மாற்று. சிங்க் இல்லாதது வரிசையில் நிற்கும் டைமரை மட்டும் எடுக்கும், பிராசசரின் வேறொரு கோரில் அந்த நொடியே ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்காது. நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான்.


ரெலாவ்_பையன்

அக்கா சொன்ன மாதிரியே இருக்கிறது! வாட்ச்டாக் என்று ஒரு டைமர், 2000 மில்லிசெகண்ட். வெறும் டெல் டைமர்தான் போட்டிருந்தார்கள். சிங்க் என்று மாற்றி, டிகேஎம்எஸ் மறுபடி ஓட்டி, தெம்பாகப் பிடுங்கினேன். நாலாவது தடவை பேனிக். அதே எண், அதே 73.

சரி விடக் கூடாது என்று கர்னலையே கம்பைல் செய்தேன், டீபக் ஆப்ஜெக்ட்ஸ் என்ற பகுதியில் டைமருக்கும் மெமரி விடுவிப்புக்கும் உள்ள சோதனைகளைப் போட்டு. எல்லா டிரைவரும் வேண்டாம், இப்போது ஏற்றியிருப்பது மட்டும் போதும் என்ற வசதியில் கம்பைல் செய்ததால் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அந்த நேரம் என் யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகியிருக்கவில்லை, அதனால் புதிய கர்னலில் ஹெட்செட் ஊமை. செய்கிறவர்கள் எல்லாவற்றையும் செருகிவிட்டுச் செய்யுங்கள்.

பலன் கிடைத்தது. இப்போது ஓர் எச்சரிக்கை வருகிறது, இன்னும் உயிரோடு இருக்கும் டைமரை விடுவிக்கிறாய், பொருள் வகை டைமர் லிஸ்ட் என்று சொல்லி, பக்கத்தில் குறிப்பாக டிரைவரின் வாட்ச்டாக் ஃபங்ஷன் பெயர். கடைசியில் பெயர் வந்துவிட்டது! ஆனால் புரியவில்லை, நான்தான் சிங்க் போட்டு நிறுத்திவிட்டேனே, எப்படி மறுபடி உயிர் வந்தது?


நிபோங்_மல்லி

டைமர் நேராக வேலை செய்கிறதா, இல்லை வேறு யாரிடமாவது வேலையை ஒப்படைக்கிறதா? அந்த வாட்ச்டாக் ஃபங்ஷனையும் டிஸ்கனெக்ட்டையும் இங்கே விளக்கமாக எழுது. எத்தனையாவது வரி என்பது வேண்டாம், எது முதலில், எது பிறகு என்பது மட்டும்.


ரெலாவ்_பையன்

டைமர் ஓடினால் ஒரு வொர்க்கை (பின்னணியில் பிறகு செய்ய வேண்டிய வேலை) வொர்க் க்யூ என்ற வரிசையில் போடுகிறது, அவ்வளவுதான். அந்த வொர்க் சிப்பிடம் யூஎஸ்பி வழியாக ஏழெட்டு ரெஜிஸ்டரைப் படிக்கிறது, சிப் தொங்கிவிட்டதா என்று பார்க்கிறது, கடைசி வரியில் டைமரை மறுபடி 2 நொடிக்கு முடுக்குகிறது. டிஸ்கனெக்ட்டில் முதலில் டைமரை நிறுத்துகிறார்கள், அடுத்து வொர்க் க்யூவை அழிக்கிறார்கள், அப்புறம் மெமரியை விடுவிக்கிறார்கள். பார்த்தால் ஒழுங்காகத்தானே இருக்கிறது?


நிபோங்_மல்லி

பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கும், அதனால்தான் எழுதியவரும் ஏமாந்தார். நீ டோங்கலைப் பிடுங்கும்போது அந்த வொர்க் பாதி வழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள். டோங்கல் இல்லை, ஆனால் வொர்க்குக்கு அது தெரியாது, ஒவ்வொரு ரெஜிஸ்டராகக் கேட்டு, பதில் வராமல், திரும்பக் கேட்டு நேரத்தைக் கடத்துகிறது. இதற்குள் டிஸ்கனெக்ட் வந்து டைமரை நிறுத்துகிறது. அப்போது டைமர் வரிசையிலும் இல்லை, ஓடவும் இல்லை, சிங்க் போட்டாலும் காத்திருக்க ஆளில்லை, சரி என்று திரும்பிவிடும். அடுத்து வொர்க் க்யூவை அழிக்கும் வரி. அது நல்ல பிள்ளை, ஓடிக்கொண்டிருக்கும் வொர்க் முடியும்வரை காத்திருக்கும். வொர்க் முடியும்போது கடைசி வரியில் என்ன செய்கிறது? டைமரை முடுக்கிவிடுகிறது! அப்புறம் மெமரி விடுவிப்பு. சரியாக 2 நொடி கழித்து நீ பையை மூடிக்கொண்டிருக்கும்போது டைமர் எழுந்து வருகிறது, வீடு இல்லை.

வரிசையை மாற்றிப் போட்டாலும் தப்ப முடியாது. வொர்க்கை முதலில் நிறுத்தினால், இன்னும் உயிரோடு இருக்கும் டைமர் வந்து புது வொர்க்கைப் போடும். டைமர் வொர்க்கை எழுப்புகிறது, வொர்க் டைமரை எழுப்புகிறது, கோழியும் முட்டையும். இந்த வட்டத்துக்காகவே 6.2 கர்னலில், 2023 பிப்ரவரியில், டைமர் ஷட்டவுன் சிங்க் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது டைமரை நிறுத்துவதோடு விடாது, இனிமேல் யார் முடுக்கினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று அதற்குள்ளேயே குறித்துவிடும். உன்னுடையது 6.8, கவலையில்லை. முதலில் அது, அடுத்து வொர்க் க்யூ அழிப்பு, கடைசியில் விடுவிப்பு.

ஒரு எச்சரிக்கை. அந்த வரியை எந்தப் பூட்டுக்குள்ளும் போடாதே. டைமர் ஃபங்ஷனும் அதே பூட்டைக் கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பேனிக் போய் உறைநிலை வரும். அதை நான் அனுபவித்திருக்கிறேன், தைப்பூச விடுமுறையில், தண்ணீர்மலைக்குப் போகாமல் ஆபீசில் உட்கார்ந்து.


செந்தூல்_கேபிள்

நூற்றுக்குத் தொண்ணூறு என்று சொன்னேன், மீதிப் பத்து பினாங்கில் இருந்திருக்கிறது. அக்காவுக்கு ஒரு தே தாரேக் என் கணக்கில்.


ரெலாவ்_பையன்

போட்டாயிற்று. மாற்றியது ஒரே ஒரு வரி, அதைப் போட மூன்று வாரம்!

சோதித்தது பற்றி ஒரு விஷயம். முதலில் சோம்பேறித்தனமாக ஸ்கிரிப்ட் எழுதி, டோங்கலைப் பிடுங்காமலே டிரைவரை மட்டும் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி 500 தடவை ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சந்தேகம் வந்து பழைய டிரைவரை வைத்து அதே ஸ்கிரிப்டை ஓட்டினால் அதிலும் ஒன்றும் ஆகவில்லை. யோசித்தால் அக்கா சொன்னதுதான் காரணம், டோங்கல் செருகியே இருந்தால் ரெஜிஸ்டர் பதில் உடனே வந்துவிடுகிறது, வொர்க் பாதி வழியில் மாட்டுவதே இல்லை. ஆகையால் கையால்தான். பழைய டிரைவரில் இருபது தடவை பிடுங்கி ஐந்து பேனிக், புதியதில் நூறு தடவை பிடுங்கி ஒன்றுமில்லை. கட்டை விரல் நகம் வலிக்கிறது. வீட்டில் டிக் டிக் என்று என்ன சத்தம் என்று அம்மா போனிலேயே கேட்டுவிட்டார்.

திருத்தத்தை அந்த நிரல்காரருக்கு அனுப்பியிருக்கிறேன், 6.2க்கு முந்தைய கர்னல்காரர்களுக்காக ஒரு நிபந்தனையும் சேர்த்து. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் பிடுங்கினால் உறைகிறது என்று ஏற்கெனவே ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள், எல்லாருக்கும் யூஎஸ்பி போர்ட்டை மாற்றிப் பாருங்கள் என்று பதில்.


சிவப்புத்தொப்பி

நூறு தடவை பிடுங்கினாயா? அந்த 39 வெள்ளி டோங்கலின் முனை தேய்ந்து இரண்டு மாதத்தில் எப்படியும் புதிது வாங்கத்தான் போகிறாய். நான் சொன்ன மாதிரி அடையாள எண்ணைப் பார்த்து வாங்கு.


ரெலாவ்_பையன்

வாங்குகிறேன் தொப்பி அண்ணே, இது தேயட்டும் முதலில். இன்னொரு சின்னத் தொல்லை, மூடியை மூடித் திறந்தால் இப்போது பேனிக் இல்லை, ஆனால் மலேசியாவின் நாட்டுக் குறியீடு எம்வை போய் 00 ஆகிவிடுகிறது, 5 கிகாவில் என் ரவுட்டரே கண்ணில் படுவதில்லை. கையால் எம்வை என்று அடித்தால் திரும்பி வருகிறது. அதற்குத் தனியாகக் கேள்வி போடுகிறேன், லாக்கோடு வருகிறேன், போட்டோவோடு இல்லை.